செகண்ட் ஹேண்ட் டர்போ கார்... வீட்டின் முதல் காராக வாங்கலாமா?

கையில் ஐந்து லட்ச ரூபாய் இருக்கிறது. வாங்கப்போவது வீட்டுக்கே முதல் கார். பழைய கார் விற்கும் ஆப்பைத் திறந்தால், கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு கார்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒன்று, சில வருடங்களே ஓடிய சாதாரண பெட்ரோல் ஸ்விஃப்ட். இன்னொன்று, அதைவிட மூன்று, நான்கு வயது மூத்த போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டில் 83 குதிரைத்திறன், போலோவில் 105. ஷோரூமில் இருந்தபோது போலோவின் விலை கணிசமாக அதிகம். இப்போது இரண்டும் ஒரே விலை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

மகன், மகள் தலைமுறை டர்போ பக்கம் சாய்கிறது. ‘டர்போன்னாலே செலவுப்பா’ என்கிறது பெரியவர்கள் தலைமுறை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இது வெறும் விருப்பு வெறுப்பு விஷயமில்லை. முதல் கார் வாங்கும் பெரும்பாலான குடும்பங்கள் சேமிப்பின் பெரும்பகுதியை அதில் போடுகின்றன. வாங்கிய ஆறாவது மாதத்தில் பெரிய செலவு வந்தால், கார் வாசலில் நிற்கும்; இஎம்ஐ மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால், விலையைப் பார்ப்பதற்கு முன்பு டர்போவைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

டர்போ என்னதான் செய்கிறது?

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிய காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். சாதாரண இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. டர்போ இன்ஜினில், சைலன்சர் வழியாக வீணாக வெளியேற வேண்டிய சூடான புகை ஒரு சின்ன விசிறியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சின்ன இன்ஜினுக்குப் பெரிய இன்ஜினின் பலம் வந்துவிடுகிறது. சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும். அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. பெட்ரோல் டர்போவில் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். இவ்வளவு சூட்டில் பழைய ஆயில் கருகி, ஆயில் போகும் சின்னக் குழாய்களில் கரியாகப் படியும். ஆயில் வரத்து குறைந்தால் பேரிங் தேயும். அப்புறம் டர்போ விசில் அடிக்கத் தொடங்கும். டர்போ கெட்டுப்போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று ஆயிலைச் சரியான நேரத்தில் மாற்றாததுதான்.

‘டர்போ சீக்கிரம் போயிடும்’ என்று பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் டீசல் இன்னோவாவைப் பாருங்கள். அதிலும் டர்போதான் இருக்கிறது. ஸ்விஃப்ட் டீசல், பொலேரோ எல்லாமே டர்போ வண்டிகள்தான். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. டீசலில் புகையின் சூடு கொஞ்சம் குறைவு. டாக்ஸி ஓட்டுநர்கள் ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறார்கள். பெட்ரோல் டர்போவுக்கும் இந்தக் கவனிப்பு கிடைத்தால் அதுவும் நீண்ட காலம் உழைக்கும். பழைய காரில் பிரச்னை என்னவென்றால், அந்தக் கவனிப்பு கிடைத்ததா என்பது முந்தைய ஓனருக்குத்தான் தெரியும்.

சின்ன கார்களில் ஏன் இத்தனை டர்போ?

இதற்குக் காரணம் வரி. இந்தியாவில் நான்கு மீட்டருக்குள் நீளமும், 1,200 சிசிக்கு மேற்படாத பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் அது ‘சின்ன கார்’. அதற்கு வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவிகிதம். பெரிய கார்களுக்கு 40 சதவிகிதம். இன்ஜினைப் பெரிதாக்காமல் பலத்தைக் கூட்ட வேண்டும் என்றால் கம்பெனிகளுக்கு எளிய வழி டர்போ. 2013-ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, அதே வருடம் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் எக்கோபூஸ்ட், 2017-ல் மாருதி பலேனோ ஆர்எஸ், டாடா நெக்ஸான், 2019-ல் ஹூண்டாய் வென்யூ, 2020-ல் கியா சோனெட் என்று வரிசையாக வந்தவைதான் இன்று பழைய கார் சந்தையில் நிற்கின்றன.

இன்ஷூரன்ஸிலும் ஒரு சின்ன லாபம் உண்டு. தேர்டு பார்ட்டி பிரீமியம், இன்ஜின் அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது. குதிரைத்திறனை வைத்து இல்லை. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசிக்கு மேற்படாத காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். வென்யூவின் 1 லிட்டர் டர்போ 998 சிசிதான். 120 குதிரைத்திறன் இருந்தும் சின்ன கார் கட்டணம்தான் கட்ட வேண்டும்.

நிஜமான லாபம் எங்கே?

டர்போவின் அருமை மலைப்பாதையில் தெரியும். உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைகிறது. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், சாதாரண இன்ஜின் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். டர்போ காற்றை அழுத்தித் தருவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். ஐந்து பேர், டிக்கி நிறைய லக்கேஜ், ஏசி ஆன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இப்படி ஏறும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நெடுஞ்சாலையிலும் இது உதவும். ஸ்விஃப்ட்டின் அதிகபட்ச இழுவை 113 நியூட்டன் மீட்டர். அது 4,200 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும். போலோ ஜிடி டிஎஸ்ஐயில் 175. அதுவும் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். லாரியை முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரம் குறைகிறது.

மைலேஜ் விஷயத்தில் மட்டும் அதிக நம்பிக்கை வேண்டாம். மெதுவாக மிதித்தால் டர்போ கார் சின்ன இன்ஜின் போலச் சிக்கனமாக ஓடும். பூஸ்ட்டை அனுபவித்துக்கொண்டே ஓட்டினால் பெரிய இன்ஜின் போலக் குடிக்கும். காலை எட்டு மணி டிராஃபிக்கில் ஆபீஸ் போய் வருவது மட்டும்தான் உங்கள் ஓட்டம் என்றால், டர்போவுக்குக் கொடுத்த காசு பெரும்பாலும் சிக்னலில்தான் நிற்கும்.

காருக்கு வயசாகும், பார்ட்ஸ் விலைக்கு ஆகாது

முதல் கார் வாங்குபவர்கள் தவறவிடும் கணக்கு இதுதான். பத்து லட்ச ரூபாய் கார், எட்டு வருடம் கழித்து ஐந்து லட்சத்துக்கோ அதற்குக் கீழோ கிடைக்கும். ஆனால், அதன் டர்போ பாதி விலைக்குக் கிடைக்காது. கிளட்ச்சும், சென்சாரும், ஹை பிரஷர் பம்ப்பும் இன்றைய விலையில்தான் கிடைக்கும். நீங்கள் வாங்குவது ஐந்து லட்ச ரூபாய் கார். பராமரிக்கப்போவதோ பத்து லட்ச ரூபாய் காரை.

டர்போ அசெம்பிளி மாற்றுவது என்றால் மாடலைப் பொறுத்துப் பல பத்தாயிரங்கள் ஆகும். டர்போ இல்லாத காரில் இந்தச் செலவே கிடையாது. கூடவே இன்டர்கூலர், அதற்குப் போகும் ரப்பர் குழாய்கள், பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு என்று கெட்டுப்போகக்கூடிய பொருள்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. இன்ஷூரன்ஸ் இதற்கு உதவாது. விபத்தில் சேதமானால்தான் கிளெய்ம். தேய்மானத்தால் வரும் பழுது நம் பாக்கெட்டில்தான் விழும்.

அதனால், கார் பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு ஒரு போன் செய்யுங்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரை அழைத்து, மாடலையும் வருடத்தையும் சொல்லி, நான்கு பொருள்களின் விலையைக் கேளுங்கள்: டர்போ அசெம்பிளி, கிளட்ச் செட், முன்பக்க சஸ்பென்ஷன், ஒரு முழு சர்வீஸ். பார்ட்ஸ் உடனே கிடைக்குமா, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். இந்தப் பத்து நிமிட விசாரணை, புரோக்கரின் அரை மணி நேரப் பேச்சைவிடப் பயனுள்ளது.

அடுத்து, கையில் இருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து ஓரமாக வையுங்கள். ஐந்து லட்சம் இருந்தால் நான்கு லட்சத்துக்குள்தான் கார். மீதி ஒரு லட்சம், முதல் வருடத்துக்கான காவல் பணம். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், எல்லா ஆயில்களையும் மாற்றும் முதல் சர்வீஸ், பேட்டரி, தேவைப்பட்டால் நான்கு டயர்கள் என்று சாதாரண காருக்கே இதில் கணிசமான தொகை கரைந்துவிடும். நான்கு லட்சத்துக்கு நல்ல டர்போ கிடைக்கவில்லையா? அந்த பட்ஜெட்டுக்கு டர்போ இல்லை என்று அர்த்தம். ‘லோன் கொஞ்சம் கூடப் போட்டுக்கலாம்’ என்று இறங்க வேண்டாம். பழைய காருக்கான கடன் வட்டி, புதிய கார் வட்டியைவிட அதிகம்.

எல்லா டர்போவும் ஒன்றல்ல

கார் சந்தையைவிட்டே போய்விட்ட மாடல்களில் கூடுதல் கவனம் தேவை. ஃபியட்டின் 145 குதிரைத்திறன் அபார்த் புன்ட்டோ, ஆர்வலர்களின் கனவு கார். ஆனால், 2020-ல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு ஃபியட் கார்கள் இங்கே விற்பனையில் இல்லை. ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. சென்னை அருகே மறைமலை நகர் ஆலையும் அதில் அடங்கும். எக்கோஸ்போர்ட்டின் 1 லிட்டர் எக்கோபூஸ்ட்டில் டைமிங் பெல்ட்டே ஆயிலில் நனைந்தபடிதான் ஓடும். சரியான கிரேடு ஆயில் ஊற்றாவிட்டால் பெல்ட் சிதையும். இவை மோசமான கார்கள் இல்லை. அனுபவமும் பொறுமையும் உள்ளவர்கள் இரண்டாவது காராக வைத்துக்கொள்ள ஏற்றவை. முதல் காருக்கு வேண்டாம்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற கார்களில் இன்ஜினைவிட கியர்பாக்ஸைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அதில் இருந்த 7 ஸ்பீடு ட்ரை கிளட்ச் ஆட்டோமேட்டிக், நின்று நின்று நகரும் டிராஃபிக்கில் சூடாகும். பழுது வந்தால் செலவு பெரிது. டர்போவும் சிக்கலான ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்த பழைய காரை விட்டுவிட்டு, டர்போவும் மேனுவல் கியரும் உள்ள காரைத் தேடுவது பாதுகாப்பு.

பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் இன்னொரு விஷயம் உண்டு. காற்று நுழையும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவாததால், அங்கே நாளடைவில் கரி படியும். பலேனோ ஆர்எஸ், வென்யூ டர்போ, போலோ டிஎஸ்ஐ இந்த வகை. டாடா நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ பழைய பாணி மல்டிபாயின்ட் இன்ஜெக்ஷன் என்பதால் அந்தக் கவலை குறைவு. அதே நெக்ஸான் 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியதும் குடும்பத்துக்கு முக்கியமான விஷயம்.

பாதுகாப்பை முன்னிட்டு இன்னொரு எல்லைக்கோடும் வைத்துக்கொள்ளலாம். 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் எல்லாம் கட்டாயம். அதற்கு முந்தைய கார் என்றால், ஏர்பேக் இருக்கிறதா என்று வேரியன்ட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பார்க்கப் போகும்போது...

* ‘நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஏதோ ஒரு சத்தத்தையோ புகையையோ மறைக்கப் பார்க்கிறார்களா என்று யோசியுங்கள்.

* சர்வீஸ் பில்களை வாங்கி, ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் வரிசையாக எழுதுங்கள். நடுவில் ஒரு வருடம் காணாமல் போயிருந்தால் காரணம் கேளுங்கள். பில்லே இல்லாத டர்போ காரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

* ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போவின் சீல் கசிகிறதா, பிஸ்டன் ரிங் தேய்ந்ததா என்பதை மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டுமே செலவுதான்.

* மூன்றாவது கியரில் மெதுவாகப் போய், ஒரு மேம்பாலத்தில் சீராக மிதித்து ஏற்றுங்கள். இழுவை ஒரே சீராகக் கூட வேண்டும். திக்கினாலோ, சைரன் போலச் சத்தம் வந்தாலோ, ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிந்தாலோ கவனம்.

* ஓபிடி ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பழைய எரர் கோடுகளை விற்பதற்கு முந்தைய நாள் அழித்திருந்தால், அதற்கான தடயமும் ஸ்கேனரில் தெரியும்.

* ‘ரீமேப்’ செய்த காரா என்று நேரடியாகக் கேளுங்கள். கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றிப் பூஸ்ட்டைக் கூட்டி ஓட்டிவிட்டு, விற்கும்போது பழையபடி மாற்றிவிடுபவர்கள் உண்டு. விற்பவர் சொல்லாவிட்டால் கார் சொல்லும். வேறு ஏர் ஃபில்டர், பெரிய சைலன்சர், புதிதாகக் கழற்றி மாட்டிய போல்ட்டுகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

புதிதாக ஓட்டுபவர் கையில்...

கார் யாருக்கு என்பதையும் யோசிக்க வேண்டும். லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆன மகளோ மகனோ ஓட்டப்போகிறார் என்றால், டர்போவின் சுபாவம் கொஞ்சம் பழக வேண்டியது. மிதித்தவுடன் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஒரு நொடி கழித்து, கார் திடீரென்று முன்னால் பாயும். இதைத்தான் டர்போ லேக் என்கிறார்கள். பழகியவருக்கு அது சுகம். மழையில் நனைந்த வளைவில், புதியவருக்கு அதுவே ஆபத்து. கிளட்ச்சும் பிரேக்கும் கைவராத முதல் வருடத்தில் பம்பரில் கீறலும் கிளட்ச்சில் தேய்மானமும் வரத்தான் செய்யும். அந்தப் பாடங்களை, பார்ட்ஸ் மலிவாகக் கிடைக்கும் காரில் கற்றுக்கொள்வது நல்லது.

வாங்கிய பிறகு இரண்டு பழக்கங்கள் போதும். ஸ்டார்ட் செய்ததும் விரட்டாமல், இன்ஜின் சூடாகும் வரை மெதுவாக ஓட்டுவது ஒன்று. நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டி வந்து நிறுத்தினால், அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஐடிலிங்கில் விட்டுவிட்டு ஆஃப் செய்வது இன்னொன்று. ஆயிலைக் கம்பெனி சொன்ன கிரேடிலேயே, வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள்; கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும்.

பேப்பரில் கவனம்

புதுச்சேரி, கர்நாடகா பதிவெண் கார்கள் சில நேரம் விலை குறைவாக இருக்கும். ஆனால், 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டிலேயே வைத்து ஓட்டினால், இங்கே பதிவை மாற்றி வரியும் கட்ட வேண்டும். அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வண்டியின் மீது கடன் இருந்திருந்தால், அது ஆர்சியில் இருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும். நிலுவையில் இருக்கும் அபராதங்களைப் பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடலாம்.

கார் கைமாறிய 14 நாள்களுக்குள் இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ‘நோ கிளெய்ம் போனஸ் 50 பர்சென்ட் இருக்கு சார்’ என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தச் சலுகை ஆளுக்குத்தான், காரோடு வராது.

யார் வாங்கலாம்... யார் வேண்டாம்?

இருக்கும் பணம் முழுவதையும் காரிலேயே போடுபவர்கள், இப்போதுதான் ஓட்டக் கற்றவர்கள், ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்கள், ஒரே கார்தான் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள்... இவர்களுக்குப் பழைய டர்போ வேண்டாம். டர்போ இல்லாத, பார்ட்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும் கார்தான் புத்திசாலித்தனம். இரண்டு, மூன்று வருடம் கழித்து அதை விற்பதும் சுலபம்.

சில வருடங்களாக ஓட்டிப் பழகியவர், மாதம் இரண்டு முறையாவது சேலத்துக்கோ மதுரைக்கோ நெடுஞ்சாலையில் போய் வருபவர், காவல் பணத்தைத் தனியாக எடுத்து வைத்திருப்பவர்... இவர்கள் தாராளமாக டர்போ பார்க்கலாம். 2019-க்குப் பிறகு வந்தது, இன்னும் சந்தையில் இருக்கும் கம்பெனி, மேனுவல் கியர், முதல் ஓனர், முழு சர்வீஸ் பில். இந்த ஐந்தில் பில்லில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். மற்ற நான்கில் ஒன்று குறைந்தால் விலையில் பேசிக்கொள்ளலாம். இரண்டு குறைந்தால் அடுத்த காரைப் பார்க்கலாம். சந்தையில் பழைய கார்களுக்குப் பஞ்சமே இல்லை!